தேம்ஸ் பாதை: ஒரே மூச்சிலா, துண்டு துண்டாகவா?

இங்கிலாந்தின் தேம்ஸ் நதியோரப் பாதை சுமார் 184 மைல், அதாவது ஏறக்குறைய 296 கி.மீ. நீளம். கெம்பிள் ஊருக்கு அருகே ஒரு புல்வெளியில் ஆரம்பித்து, ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங், வின்ட்சர் வழியாக லண்டனுக்குள் நுழைந்து, வுல்விச்சில் முடிகிறது. 1996-ல் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். இதை முழுசாக நடந்து முடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, இரண்டு வாரம் விடுப்பு போட்டு ஒரே மூச்சில் நடப்பதா, நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு துண்டாக நடப்பதா என்பதுதான்.

ஒரே மூச்சில் நடப்பதன் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். நான்காவது நாளிலிருந்து உடம்பு பழகிவிடும், பையின் கனமே தெரியாது. முதல் நாள் தாண்டிக் குதிக்கும் அளவு ஓடையாக இருந்த ஆறு, பத்தாவது நாள் பெரிய படகெல்லாம் போகும் பெருநதியாகிவிடும். அந்த வளர்ச்சியை இடைவெளி இல்லாமல் பார்ப்பது தனி அனுபவம். ஆனால் இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதனால் தங்குமிடங்களை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். நடுவில் ஒரு நாள் கால் கொப்புளித்தாலோ வெள்ளம் வந்தாலோ அடுத்த பத்து நாள் பதிவும் சீட்டுக்கட்டு போலச் சரியும். இரண்டு வார விடுப்பு கிடைப்பவர்களும் நம்மில் குறைவுதான்.

துண்டு துண்டாக என்று முடிவு செய்தவர்களுக்கும் இரண்டு வழி இருக்கிறது: காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஒரு நாள் நடை, அல்லது இரண்டு மூன்று நாள் தங்கி நடக்கும் தொகுப்பு நடை. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பாதையின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். ஏனென்றால் ஆற்றோரப் பாதையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, பெரும்பாலும் சமதளம்தான். எங்கே வெளியேறலாம் என்பதுதான் பிரச்சினை.

கெம்பிளில் ரயில் நிலையம் உண்டு. அதற்கடுத்து பாதையை ஒட்டிய ரயில் நிலையம் ஆக்ஸ்ஃபோர்டில்தான். இடையில் சுமார் 54 மைல். கிரிக்லேட், லெச்லேட் ஊர்களில் பேருந்து உண்டு, ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு லெச்லேட் வந்து சேர்ந்தபோது, நான் நம்பி வந்த பேருந்து அன்றைக்கு இல்லை. டாக்சி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. லெச்லேடுக்குக் கீழே நியூபிரிட்ஜ் வரை இன்னும் தனிமை: வயல், மாடு, வளைந்து வளைந்து போகும் ஆறு, படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும், கையால் தள்ளித் திறக்கும் மரக்கதவு லாக்குகள். (நியூபிரிட்ஜ் என்று பெயர், பாலமோ 13-ம் நூற்றாண்டுப் பாலம்.) இந்த 54 மைலை ஒரு நாள் நடைகளாக வெட்டினால், நடப்பதைவிடப் போய் வருவதற்கே அதிக நேரம் செலவாகும். இங்கே தொகுப்பு நடைதான் சரி: நான்கு நாள், மூன்று இரவு.

ஆக்ஸ்ஃபோர்டைத் தாண்டியதும் கணக்கு தலைகீழ். கல்ஹம், கோரிங், பேங்போர்ன், டைல்ஹர்ஸ்ட், ரெடிங், ஹென்லி, மார்லோ, குக்கம், மெய்டன்ஹெட், வின்ட்சர், ஸ்டெயின்ஸ் என்று ஆற்றோடு ரயிலும் கூடவே வருகிறது. இங்கே ஒரு நாள் நடையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: ரயில் முதலில், நடை பிறகு. காரை ரெடிங்கில் நிறுத்திவிட்டு, சில நிமிட ரயில் பயணத்தில் கோரிங் போய் இறங்கி, அங்கிருந்து சுமார் 18 கி.மீ. நடந்து காருக்கே திரும்புங்கள். கடைசி ரயிலைப் பிடிக்கும் பதற்றம் இருக்காது. கோரிங்கைத் தாண்டியதும் பாதை ஆற்றை விட்டு விலகி சுண்ணாம்புச் சரிவுக் காட்டுக்குள் ஏறும், மரங்களுக்கு இடையே கீழே ஆறு மினுங்கும். அங்கே கடிகாரம் பார்க்காமல் உட்கார முடிந்ததே இந்த ஏற்பாட்டின் லாபம்.

வரிசையாக நடப்பதா, மாற்றி மாற்றி நடப்பதா? வரிசை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்தக் கட்சி இல்லை. மேல் தேம்ஸ் குளிர்காலத்தில் கரை மீறி வயல்களில் பரவும். கிரிக்லேட் பக்கத்துக் களிமண் பிப்ரவரியில் ஷூவோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூடும். அதே பிப்ரவரியில் லண்டன் பகுதி பெரும்பாலும் கல்பாவிய தளம், இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம். ஆகவே குளிர்காலத்தில் லண்டன், கோடையில் மேல் பகுதி. ஆரம்ப இடத்தில் கோடையில் தண்ணீர் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். நான் போன ஆகஸ்டில் ஒரு மரத்தடியில் நட்ட கல்லும் அதன்முன் காய்ந்த கூழாங்கற்களும்தான் இருந்தன.

திசையிலும் வாதம் உண்டு. கடலை நோக்கி நடந்தால் மேற்கிலிருந்து வீசும் காற்று பெரும்பாலும் முதுகில் படும். எனக்கு அது போதும்.

துண்டாக நடப்பவருக்கே உரிய ஒரு கவலை, இடைவெளி விடாமல் கோர்ப்பது. விட்ட இடத்தை 'பாலத்துக்குப் பக்கத்தில்' என்று ஞாபகம் வைக்காதீர்கள், எந்தக் கரை, எந்தக் கேட் என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பாதை அடிக்கடி கரை மாறும். லண்டனின் தென்மேற்கிலுள்ள டெடிங்டனுக்குக் கீழே இரண்டு கரையிலும் பாதை ஓடுகிறது, ஏதாவது ஒரு கரையில் நடந்தாலே முழுப் பாதையும் கணக்கில் வரும். அங்கிருந்து ஆற்றில் கடலின் அலையேற்றமும் உண்டு, பெரிய அலையேற்ற நாட்களில் ரிச்மண்ட் பக்கம் பாதையே தண்ணீருக்குள் போய்விடும், கிளம்பும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தென்கரையை முடித்துவிட்டேன். வடகரை பாக்கி. அடுத்த மாதம் டெடிங்டனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.