ஷாஃப்ட் ஆட்டம் அளக்க லேசர் சென்சார் வாங்கப் போகிறீர்களா? டெமோவை நம்பாதீர்கள்

கோவையில் பம்ப் மோட்டார் ஷாஃப்டுகளுக்கு கிரைண்டிங் செய்து தரும் எங்கள் பட்டறையில் நடந்ததை எழுதுகிறேன். ஷாஃப்ட் சுற்றும்போது அச்சிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்பதைத்தான் ஆட்டம் என்கிறோம். லேசர் சென்சாருக்கு முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

விற்க வந்தவர் மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டையை வைத்தார். திரையில் எண் அசையவே இல்லை. "0.1 மைக்ரான் சார், நொடிக்கு 50,000 அளவீடு" என்றார். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இரண்டும் தனித்தனியே உண்மை. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. 4,096 அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அந்த 0.1 வரும், அதுவும் அசையாத பீங்கானில். விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இது இருக்கிறது.

4,096 அளவீட்டுக்கு ஏறத்தாழ 82 மில்லி நொடி ஆகும். நாங்கள் ஷாஃப்டைச் சோதிப்பது நிமிடத்துக்கு 600 சுற்றில், அதாவது ஒரு சுற்றுக்கு 100 மில்லி நொடி. ஒரு சுற்றின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சராசரியிலேயே கரைந்துவிடும். 20 மைக்ரான் ஆடும் ஷாஃப்ட், திரையில் நான்கு மைக்ரான் என்று நல்ல பிள்ளையாக நிற்கும். எங்கள் வரம்பு 10. எல்லாமே பாஸ்!

வாடிக்கையாளர் ஒரு லாட்டையே திருப்பி அனுப்பினார். அதில் ஒன்றை இரு முனையிலும் கூரான சென்டர்களுக்கு நடுவே பிடித்து, டயல் கேஜை (தொட்டு அளந்து முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கையால் சுற்றினோம். முள் முழுதாக இரண்டு கோடு, அதாவது 20 மைக்ரான், நகர்ந்தது.

சராசரியை 4,096இல் வைத்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது சென்சார் விற்றவர்கள் அனுப்பிய ஆள்தான். கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டல் வேறு. சண்டை போட்டு பாஸ்வேர்டை வாங்கி 16ஆகக் குறைத்ததும் எண்கள் தாறுமாறாகத் துள்ளின. காரணம் எளிது. இந்த வகை சென்சாரில், லேசர் புள்ளியிலிருந்து சிதறும் ஒளி, பக்கத்தில் சாய்வாக இருக்கும் லென்ஸுக்குள் போக வேண்டும். கிரைண்டிங் முடிந்த பளபளப்பான ஷாஃப்டோ ஒளியைச் சிதறவிடாமல் வேறு பக்கம் திருப்பி அடிக்கிறது. மேலே கூலன்ட் படலம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் ஏற்பி, நடுவில் விழும் நிழலின் விளிம்பை அளக்கும் கருவிதான் ஷாஃப்டுக்குச் சரி. எங்கள் ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகும் இதை விற்றார்களே, அதுதான் எரிகிறது.

அளவுத்திருத்தச் சான்றிதழும் ஜெராக்ஸ். அதிலிருக்கும் வரிசை எண் எங்கள் சென்சார் தலையில் இருக்கும் எண்ணே அல்ல.

வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குக் கைகொடுக்காது என்கிறார் வக்கீல். ஆகவே பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: உங்கள் ஷாஃப்ட், உங்கள் வேகம், சராசரி எண்ணிக்கை இவ்வளவு, டயல் கேஜோடு ஒத்துப்போன பிறகே மீதிப் பணம்.

நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பதில் இல்லை. வருடாந்திரப் பராமரிப்புக்கான கொட்டேஷன் மட்டும் தவறாமல் வந்துவிட்டது.