சாணா, ஸ்கேலா, அட்டைத் துண்டா? நீளம் அளக்கச் சொல்லித் தரும் வழிகள்

ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நீளம் அளக்கச் சொல்லித் தர மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. சாண், அடி என்று உடம்பைக் கொண்டு அளப்பது, ஒரே அளவுள்ள துண்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணுவது, எடுத்த எடுப்பிலேயே ஸ்கேலைக் கையில் கொடுப்பது. மூன்றையும் பிள்ளைகளோடு செய்து பார்த்த பிறகு நான் துண்டுகளையே வைத்துக்கொண்டேன். அதிலும் ஒரே அளவில் இல்லாமல், இரண்டு அளவுகளில்.

சாணுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஒரே மேசையைப் பெரியவரும் பிள்ளையும் அளந்தால் எண்கள் வேறு வேறாக வரும். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு எதற்கு வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும். அதற்கு ஒரு நாள் போதும். அதற்கு மேல் இழுத்தால் குழப்பம்தான். விரலை விரிக்கிற விதத்தைப் பொறுத்து ஒரே பிள்ளையின் சாணே கூடிக் குறையும்.

ஸ்கேலுக்காக வாதாடும் கணிதக் கல்வி ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிள்ளைகள் அதை எங்கும் பார்க்கிறார்கள், பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஒரு பென்சிலை 3-க்கும் 9-க்கும் நடுவே பொருந்துகிற மாதிரி வைத்து நீளம் கேட்டுப் பாருங்கள். பலர் 9 என்பார்கள். சிலர் 3, 4, 5 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே உள்ள கோட்டைத் தொட்டு எண்ணி 7 என்பார்கள். கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடம்தான் சென்டிமீட்டர் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இன்னொரு விஷயம். தடித்த அட்டையில் சிவப்புத் துண்டுகள் 6 செ.மீ. நீளத்திலும், பச்சைத் துண்டுகள் 3 செ.மீ. நீளத்திலும் வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் சுருண்டுகொள்ளும், வேண்டாம். புள்ளி போட்ட ரிப்பன் ஒன்று 18 செ.மீ., கோடு போட்டது 15 செ.மீ. இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்காமல், முதலாவதைச் சிவப்பாலும் இரண்டாவதைப் பச்சையாலும் அளக்கச் சொல்லுங்கள். 3 சிவப்பு, 5 பச்சை என்று வரும். எந்த ரிப்பன் நீளம்?

“கோடு போட்டதுதான். அது அஞ்சு, இது மூணுதானே!”

இந்தப் பதில் வரும்போது விளக்கம் சொல்ல வாயெடுக்காதீர்கள். இரண்டு ரிப்பன்களையும் ஒரு முனை சேர்த்து வைக்கச் சொன்னால் போதும். புள்ளி போட்டது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை ரிப்பனைப் பார்க்கும், துண்டுகளைப் பார்க்கும், மறுபடியும் எண்ணிப் பார்க்கும். அப்புறம் அடுத்த கேள்வி: புள்ளி போட்டதையும் பச்சையாலே அளந்தால் எண் கூடுமா, குறையுமா? துண்டு சின்னது, அதனால் எண்ணும் குறையும் என்றே நிறையப் பேர் சொல்வார்கள். அளந்தால் 6. ஒரு சிவப்பின் மேல் இரண்டு பச்சையை அடுக்கிக் காட்டினால் காரணமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இப்போது 6-ஐயும் 5-ஐயும் ஒப்பிடலாம், இரண்டும் பச்சை.

அலகு சிறுத்தால் எண் பெருகும், அலகு ஒன்றாக இல்லாமல் எண்களை மட்டும் ஒப்பிடக் கூடாது. இதைச் சாணும் சரியாகக் கற்றுத் தராது, ஒற்றை ஸ்கேலும் தராது. ஸ்கேலைப் பிடித்தால் பெரும்பாலும் சென்டிமீட்டரில் மட்டுமே அளப்பார்கள் என்பதால் இந்தக் குழப்பம் வெளியே வராமலே ஒளிந்திருக்கும். பின்னால் 2 மீட்டர் பெரியதா, 150 செ.மீ. பெரியதா என்று வரும்போது தலைதூக்கும். அங்குலம் வந்தால் இன்னும் சிக்கல். ஓர் அங்குலம் 2.54 செ.மீ., ஆகவே அதே 18 செ.மீ. ரிப்பன் 7 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அந்த வயதில் அடுக்கிப் பார்க்கத் துண்டும் கையில் இருக்காது.

துண்டுகளிலிருந்து ஸ்கேலுக்குப் போவதும் எளிது. பச்சைத் துண்டுகளை ஒரு நீள அட்டையில் இடைவெளி விடாமல் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தில் எண் எழுத வைக்கிறேன். துண்டின் நடுவில் எழுத விடுவதில்லை. தொடக்கத்தில் 0 எழுதுவதைப் பிள்ளைகளே கேட்டுச் செய்கிறார்கள். அந்தப் பென்சில் கேள்விக்கு 6 என்று பதில் வந்ததும் கடையில் வாங்கிய ஸ்கேலைக் கொடுத்துவிடலாம்.

துண்டுகளில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காணாமல் போகும், கலந்துபோகும், காற்றடித்தால் நகரும். ஒரு நேரத்தில் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். பெரிய வகுப்பில் ஒன்றோடொன்று பொருத்தும் கட்டைகள் வசதியாக இருக்கலாம். ஆனால் அவை தாமாகவே ஒட்டிக்கொள்வதால், நடுவில் இடைவெளி விட்டால் அளவு தப்பும் என்பதைப் பிள்ளை பட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஐந்து வயதுக்குக் கீழே எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்கு எண்ணே இல்லாமல், பக்கத்தில் வைத்து எது நீளம், எது குட்டை என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.