'1200 வாட்' சென்சார், 648 வாட் எல்இடி, ஒட்டிப்போன ரிலே: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

ஆளில்லாத இடத்தில் விளக்கு தானாக அணையும், மின்சாரம் பாதியாக மிச்சமாகும் என்று சொல்லி, ஓர் அலுவலகத் தளத்திலும் அதன் உரிமையாளர் வீட்டிலும் சென்சார் மாட்டிக் கொடுத்தார்கள். முழுப் பணமும் வாங்கியாயிற்று. சில வாரங்களில் பெரிய கூடத்தின் 18 எல்இடி பேனல்களும் அணையவே மறுத்தன. இரவு, விடுமுறை என்று பாராமல் எரிந்துகொண்டே இருந்தன. மாட்டியவர் வந்து பார்த்துவிட்டு, "பேனல் மட்டமான சரக்கு சார், டிரைவர்ல லீக் இருக்கு, எல்லாத்தையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேனலிலோ, அதற்கேற்ற மின்சாரத்தைக் கொடுக்கும் டிரைவரிலோ ஒரு குறையும் இல்லை. சென்சாரைக் கழற்றித் திறந்தால், உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் சிறு சுவிட்சான ரிலேயின் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பேனல்களை மாற்றியிருந்தால் அந்தச் செலவும் வீண்தான், விளக்கும் அணைந்திருக்காது.

இது ஏன் நடக்கிறது என்பதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் சென்சார் பெட்டியில் அச்சிட்ட ஓர் எண்ணில்தான் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் '1200 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது பழைய குண்டு பல்புக்கான கணக்கு. அதற்குக் கீழேயோ உள்ளே மடித்த தாளிலோ 'எல்இடி 300 வாட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். கூடத்தில் இருந்தது 36 வாட் பேனல் 18, ஆக 648 வாட். 1200க்குள் அடங்கிவிட்டது என்று விற்றவர் காட்டினார். எல்இடி அளவுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல்.

எல்இடி டிரைவரின் வாசலில் மின்சாரத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. மின்சாரம் வந்த கணத்தில் அது காலியாக இருப்பதால் மின்னோட்டத்தை மொத்தமாக உறிஞ்சும். ஒரு டிரைவர் ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 18 டிரைவரும் சேர்ந்து 360 ஆம்பியர். நடுவில் உள்ள வயர் அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். 10 ஆம்பியர் ரிலேயின் முனைகள் ஒவ்வொரு முறை சேரும்போதும் இந்த அடியை வாங்கிப் பொறி பறந்து, ஒரு நாள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. மாட்டியவர் கிளாம்ப் மீட்டரை வைத்து "மூணு ஆம்பியர்தான் ஓடுது" என்று காட்டினால் ஏமாறாதீர்கள். அந்த மீட்டர் காட்டுவது விளக்கு நிலையாக எரியும்போது ஓடும் மின்னோட்டம். முதல் கணத்து அடி சாதாரண கிளாம்ப் மீட்டரில் தெரியவே தெரியாது.

அதே சென்சாரையே புதிதாக வாங்கி மாட்டினால் அதே கதைதான் திரும்ப நடக்கும். சரியான வழி இரண்டு. ஒன்று, சென்சார் ஒரு காண்டாக்டரின் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும், விளக்குகளின் சுமையைக் காண்டாக்டர் சுமக்கட்டும். அது 'டப்' என்று சத்தம் போடும், காயில் ரீங்கரிக்கவும் செய்யும். ஆகவே அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்காமல் மின் இணைப்புகள் பிரியும் டிபி பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, 18 பேனலையும் ஆறு ஆறாகப் பிரித்து, 216 வாட்டுக்கு ஒரு சென்சார் என்று மூன்று போடுவது. என் வாக்கு இரண்டாவதற்குத்தான். ஒரு மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்க மொத்தக் கூடமும் எரிய வேண்டிய அவசியம் அதில் இல்லை.

அடுத்த மோசடி சரக்கு மாற்றியது. விலைப்பட்டியலில் 'இரட்டைத் தொழில்நுட்ப சென்சார்' என்று எழுதியிருந்தது, அதாவது உடல் வெப்பத்தையும், ஆள் மேல் பட்டுத் திரும்பும் மைக்ரோவேவ் அலையையும் சேர்த்துப் பார்ப்பது. மாட்டியிருந்ததோ வெப்பத்தை மட்டும் பார்க்கும் வெறும் பி.ஐ.ஆர். கண்டுபிடிக்க ஏணியும் ஒரு துண்டு அட்டையும் போதும். விளக்கு எரியும்போது, வரிவரியாக இருக்கும் பால் நிற லென்ஸை அட்டையால் மூடி ஒட்டிவிட்டு, கீழே கை கால் அசைத்து நடந்துகொண்டே இருங்கள். இரட்டை வகையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று ஆளை உணர்ந்தாலே விளக்கு தொடர்ந்து எரியும். மைக்ரோவேவ் அட்டையைத் தாண்டிவிடும், பி.ஐ.ஆர். தாண்டாது. அசைவு நின்றபின் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று டைமரில் வைத்த நேரம் முடிந்ததும் நீங்கள் நடக்கும்போதே விளக்கு அணைந்தால், உங்களுக்குக் கொடுத்தது பி.ஐ.ஆர். மட்டும்தான்.

வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததற்கும் இதுதான் காரணம். பி.ஐ.ஆர். ஆளைப் பார்ப்பதில்லை. லென்ஸ் பிரித்த ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கிறது. பெட்டியில் போட்ட '6 மீட்டர் விட்டம்' நடக்கிற ஆளுக்கு. உட்கார்ந்து தட்டச்சு செய்கிற விரலுக்கு அது பாதியளவுக்குச் சுருங்கிவிடும். கூரை உயரமானால் பட்டைகளுக்கு இடையே இடைவெளி பெருகி இன்னும் மோசம். அறை வெப்பம் 35 டிகிரியை நெருங்கினால் உடலுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து, நடக்கிற ஆளையே தவறவிடும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எதுவும் தெரியாது. இத்தனையும் தெரிந்தவர் சென்சாரை ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் மாட்டமாட்டார். இங்கே ஒன்று அப்படித்தான் மாட்டியிருந்தது, இரவெல்லாம் காலி அறைக்கு விளக்குப் போட்டது.

கழிப்பறையில் மைக்ரோவேவ் சென்சார் மாட்டினார்கள். தடுப்புக் கதவுகளைத் தாண்டும் என்பதால் தேர்வு சரிதான். ஆனால் சென்சிட்டிவிட்டி திருகை உச்சத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை மெல்லிய சுவர், மரக்கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் ஊடுருவும். வெளியே தாழ்வாரத்தில் நடக்கிறவருக்கெல்லாம் உள்ளே விளக்கு எரிந்தது. சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதற்கு ஓர் ஆள்தான். திருகைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து, கதவுக்கு வெளியே ஒருவரை நடக்கவிட்டு, விளக்கு வராத அளவில் நிறுத்த வேண்டும். பத்து நிமிட வேலை இது, யாரும் செய்யவில்லை. டைமரையும் சோதனைக்கு வைத்த 10 நொடியிலேயே விட்டிருந்தார்கள். கழிப்பறைக்கு 10 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

ஜன்னலோர விளக்குகள் மாலையானால் சிமிட்டியதற்குக் காரணம், வெளிச்ச சென்சார் தன் விளக்கின் ஒளியையே பார்த்தது. இருட்டியதும் போடும், போட்ட வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்து அணைக்கும். ஜன்னல் பக்கம் திருப்பி, விளக்கின் நேர் ஒளி படாமல் மறைத்தால் நிற்கும்.

வீட்டில் செய்ததுதான் ஆபத்தானது. சுவிட்ச் பெட்டியில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இல்லை. அதை இழுக்கும் வேலையைத் தவிர்க்க இரண்டு வயர் சென்சாரைப் போட்டார்கள். அந்த வகை தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுக்கும். குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. எல்இடியில் அந்தக் கசிவு டிரைவர் கெப்பாசிட்டரில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, சில நொடிக்கு ஒருமுறை 'பளிச்' என்று மின்னிவிட்டு அணையும். நியூட்ரல் இழுத்து மூன்று வயர் சென்சார் போடுவதே தீர்வு. முடியாத இடத்தில், சென்சார் தயாரிப்பாளரே தருகிற பைபாஸ் என்ற சிறு துணைக்கருவியை விளக்குக்கு இணையாகப் போடலாம்.

மாடிப்படி விளக்கிலோ மூன்று வயர் சென்சார்தான், ஆனால் ஜங்ஷன் பெட்டியில் மின்சாரம் வரும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. சென்சார் வேலை செய்யும், விளக்கும் அணையும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ரிலே துண்டிப்பது நியூட்ரலை, ஹோல்டரிலோ பேஸ் அப்படியே நிற்கிறது. அணைந்திருக்கிறதே என்று பல்பு மாற்றக் கை வைத்தால் அடிக்கும். விளக்கு அணைந்த பிறகும் மங்கலாக ஒளிர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மெயினை அணைத்துவிட்டு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள், நாளைக்கென்று விடாதீர்கள்.

சாமான் அறைக்கும் ஒன்று விற்றிருக்கிறார்கள். 9 வாட் பல்பு, நாளுக்கு அரை மணி நேரம்கூட எரியாத இடம், அதாவது 4.5 வாட் மணி. சென்சார் தானே இழுப்பது 0.8 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 19.2 வாட் மணி. விளக்கு உண்பதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் சென்சார் உண்கிறது. இங்கே மிச்சம் என்று சொன்னது பச்சைப் பொய்.

வேலை கொடுக்கும்போது தாளில் எழுதி வாங்க வேண்டியவை: சென்சாரின் மாடல் எண், எல்இடிக்கான வாட் அளவு தனியாக, ஒவ்வொரு சென்சாரிலும் எத்தனை பேனல், டைமர் எத்தனை நிமிடம். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் அரை மணி நேரம் சாதாரணமாக வேலை செய்து பார்க்கட்டும். வேகமாக நடந்து "பாருங்க, எரியுது" என்று காட்டுவது சோதனையாகாது. விளக்கு அணைந்திருக்கும்போது ஒவ்வொரு ஹோல்டரிலும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் டெஸ்டர் எரிந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.