அலமாரியில் ஆண்டுகள் கழிந்த பின்: பிளாஸ்டிக் போர் விமான, போர்க்கப்பல் மாடல்கள் பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பிளாஸ்டிக் மாடல் கிட்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை பெட்டியைத் திறந்த கையோடு எழுதப்படுபவை. அச்சு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது, காக்பிட் எவ்வளவு நிறைவாக இருக்கிறது, டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) தாளில் எத்தனை படையணிகளின் குறிகள் உள்ளன என்பவற்றை அவை சொல்கின்றன. அவை தேவையான தகவல்கள்தான். ஆனால் அளவு பிசகாமல் செய்யப்பட்ட ஒரு மாடல் ஐந்தாறு ஆண்டுகளில் இணைப்புக் கோடு தெரியத் தொடங்கி, வெள்ளை மஞ்சளாகி, சக்கரக் கால் சரிந்து போனால், முதல் நாளில் இருந்த துல்லியத்தால் என்ன பயன்? பல ஆண்டுகளாக 1/72, 1/48 அளவுகளில் போர் விமானங்களையும் 1/700, 1/350 அளவுகளில் போர்க்கப்பல்களையும் செய்து பெட்டிகளில் வைத்துப் பார்த்து வருகிறேன். எந்தெந்தப் பொருட்கள், எந்தெந்த முறைகள் காலத்துக்குத் தாங்கின என்பதையே இங்கே பகிர விரும்புகிறேன்.

முதலில் அளவுக் கணக்கு. 1/72 என்றால் ஆறடி ஓர் அங்குலமாகிறது. 1/48 என்றால் ஓரடி கால் அங்குலமாகிறது. 11.23 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட ஸ்பிட்ஃபயர் 1/48இல் 234 மில்லிமீட்டர் வர வேண்டும். 263 மீட்டர் நீளமுள்ள ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ 1/700இல் ஏறத்தாழ 37.6 சென்டிமீட்டர், 1/350இல் 75 சென்டிமீட்டர். மொத்த நீள அகலங்களில் இன்றைய கிட்கள் அரிதாகவே தவறுகின்றன. தவறுவது தடிமனில்தான். 1/72 விமானத்தின் இறக்கைப் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்திருந்தால் உண்மையான விமானத்தில் அது 36 மில்லிமீட்டர் தடித்த விளிம்பாகிவிடும். மேல், கீழ் இறக்கைப் பாகங்களை ஒட்டும் முன் உட்புறத்தைத் தட்டையான உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். வேறு எந்தக் கூடுதல் பாகமும் தராத நிறைவை அது தருகிறது, பிறகு ஒருபோதும் கெட்டுப் போவதுமில்லை.

பேனல் கோடுகளும் (தகடுகள் சேரும் கோடுகள்) ரிவெட்டுகளும் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) அதிகமாக இருந்தால் மாடல் துல்லியமானது என்று எண்ணுவோர் பலர். பி-51டி மஸ்டாங்கை எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறானது. அதன் இறக்கை வழவழப்பாக இருந்தால்தான் எதிர்பார்த்த காற்றோட்டம் கிடைக்கும் என்பதால், தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் இருந்த ரிவெட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் புட்டி என்னும் நிரப்புக் கலவையால் நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிற வண்ணம் பூசினார்கள். விமான உடலோ பெரும்பாலும் வெறும் அலுமினியம். ஆகவே போர்க்கால மஸ்டாங் ஒன்றின் உடலும் இறக்கையும் ஒரே பளபளப்பில் இருப்பது பிழை. பல கிட்களில் இறக்கை முழுவதும் கோடுகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும்; அவற்றில் பெரும்பாலானவற்றை நிரப்பி, தோட்டாப் பெட்டி மூடிகள், எரிபொருள் மூடிகள் போன்ற திறக்கக்கூடிய பகுதிகளின் கோடுகளை மட்டும் விட வேண்டியிருக்கிறது. சக்கரக் குழியின் பின்சுவர் இறக்கையின் முதன்மைக் குறுக்குச்சட்டமே என்பதால், அது நேர்கோடாக ஓட வேண்டும். கீழே தெரியும் திறப்பின் வளைவைப் பின்பற்றக் கூடாது. இன்ஜின் நின்றபின் ஹைட்ராலிக் அழுத்தம் குறையும்போது உட்புறக் கதவுகள் தாமாகத் தொங்கிவிடும் என்பதால், தரையில் நிற்கும் மாடலில் அவை திறந்திருப்பதே பொருத்தம். இவற்றைச் சரிபார்க்கப் போர்க்காலப் புகைப்படங்களையே நம்ப வேண்டும். இன்று பறக்கும் நிலையில் உள்ள மீட்டெடுக்கப்பட்ட மஸ்டாங்குகளில் பல, இறக்கை உட்பட முழுவதும் மெருகேற்றப்பட்டவை.

ஆண்டுகள் கழிந்த பின் மாடலின் வடிவத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒட்டுப் பகுதியே. கிட்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினை ஒட்டும் மெல்லிய திரவப் பசை அதை உருக்கிச் சேர்க்கிறது. டாமியாவின் பச்சை மூடிப் பசையில் இருப்பவை பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும். தூரிகையை இணைப்பின் மேல் வைத்தால் பசை தானாக உள்ளே ஓடும். பிறகு இரு பாதிகளையும் லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய மணிவரிசை போல வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கமே மிகச் சிறந்த நிரப்பி. ஆனால் உள்ளே சிக்கிய கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறுகிறது. மறுநாளே தேய்த்துச் சமப்படுத்தினால், சில மாதங்களில் அந்த இடம் சுருங்கி, வண்ணத்துக்கு அடியில் மெல்லிய பள்ளமாகத் தோன்றிவிடும். ஒட்டிய உடலைக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு பாகத்தைப் பார்ப்பதே என் வழக்கம். அப்படிச் செய்தவற்றில் கோடுகள் திரும்பி வரவில்லை.

குழாயில் வரும் கரைப்பான் வகைப் புட்டியும் இதே காரணத்தால் சுருங்குகிறது. ஆழமான இடைவெளிகளுக்கு நான் சூப்பர்குளூவையே பயன்படுத்துகிறேன், அது சுருங்குவதில்லை. ஒட்டிய ஓரிரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை, ஏனெனில் நாள் செல்லச் செல்ல அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கை மட்டும் தின்னத் தொடங்கும். காக்பிட் கண்ணாடியை ஒட்டுவதற்குள் அதன் ஆவி முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். இல்லையெனில் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்பனி போலப் படிந்துவிடும்.

எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூக்கு எடையைப் பற்றி. பி-38, பி-25, மீ 262 போன்ற முன்சக்கர விமானங்கள் பின்பக்கமாகச் சாயாமலிருக்க மூக்குக்குள் எடை வைத்தாக வேண்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து உள்ளே ஊற்றுவது பரவலான பழக்கம். இதைச் செய்யவே கூடாது. வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிடேட்; அது மெதுவாக அசிட்டிக் அமில ஆவியை வெளியிடுகிறது. மூடிய மூக்குக்குள் அது தப்பிக்க வழியில்லாமல் ஈயத்தோடு வினைபுரிந்து, காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடும் சேர, ஈயத்தை வெண்மையான ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அந்தத் தூள் ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். விளைவாக, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் நின்ற மாடலின் மூக்கு சில ஆண்டுகளில் இணைப்புக் கோடு வழியே பிளந்து திறக்கும். பழைய மரக் கப்பல் மாடல்களின் ஈய உதிரிகளும் காட்சிப்பெட்டிகளுக்குள் இப்படியே உளுத்துப் போவதை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாடல் காப்பாளர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளார்கள். பித்தளைத் துண்டுகளையோ டங்ஸ்டனையோ எப்பாக்சியில் பதித்தால் இந்தச் சிக்கலே எழாது. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிக்கது என்பதால் சிறிய மூக்கிலும் போதிய எடை கிடைக்கிறது.

மென்மையான வினைல் டயர்களும் இதே வகை. வினைலை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரின் ரிம்மை இளக்கிவிடும். ரிம்மில் பூசிய வண்ணம் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. ரெசின் டயரோ பிளாஸ்டிக் டயரோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் சக்கரக் கால்களுக்கு ரெசின் வேண்டாம். மெல்லிய ரெசின் கால், எடையின் கீழ் மெல்ல மெல்ல வளைகிறது.

வண்ணத்தில் நான் லாக்கர் என்னும் கரைப்பான் வகை வண்ணத்தில் நிலைகொண்டுவிட்டேன். மிஸ்டர் கலர் வகை லாக்கர் வண்ணங்கள் மெல்லிய படலமாக அமர்கின்றன, பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கின்றன, மாஸ்கிங் டேப்போடு உரிந்து வருவதில்லை. மூச்சுக் கவசமும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் அவற்றைத் தெளிக்கக் கூடாது. நீர் கலந்த அக்ரிலிக் தூரிகை வேலைக்கு இனிமையானது. ஏர்பிரஷில் எனக்கு அது எளிதாகக் கைவரவில்லை. எனாமலைக் கழுவல் பூச்சுக்கும் அழுக்குத் தோற்றத்துக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். எனாமல் வார்னிஷைக் கடைசிப் பூச்சாக இட்ட பழைய மாடல்களில் வெள்ளை அடிப்பாகங்கள் தந்த நிறத்துக்குப் போய்விட்டன. அமெரிக்கக் கடற்படையின் மூவண்ணத் திட்டத்தில் அது உடனே கண்ணில் படுகிறது. அக்ரிலிக் வார்னிஷ் இட்டவை இன்றும் வெள்ளையாகவே இருக்கின்றன.

வண்ணத்தின் துல்லியம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 வரை அமெரிக்க அரசின் வண்ணத் தரமாக இருந்த எஃப்.எஸ். 595இல் எஃப்-16இன் 36375 போன்ற எண்கள் இருப்பதால் நவீன விமானங்களில் விவாதத்துக்கு இடம் குறைவு. இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்வது ஆபத்தானது. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளிக்கு உணர்வற்றது. அதில் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் அடர்ந்தும் தெரியும். பிரிட்டிஷ் வட்டக் குறியின் மஞ்சள் வெளிவளையம் சில படங்களில் காணாமற்போவதற்கு இதுவே காரணம்.

கப்பல்களில் துல்லியம் வேறு இடத்தில் இருக்கிறது. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் சரணடைவு ஆவணம் கையெழுத்தான யு.எஸ்.எஸ். மிசௌரி அப்போது மெஷர் 22 என்னும் கடற்படை உருமறைப்பு வண்ணத்தில் இருந்தது. அந்தத் திட்டத்தில் கப்பலின் உடற்பகுதியில் கீழே அடர் நேவி ப்ளூ, அதற்கு மேல் செங்குத்துப் பரப்புகள் அனைத்திலும் வெளிர் ஹேஸ் கிரே. இரண்டும் சந்திக்கும் கோடு, முதன்மைத் தளத்தின் விளிம்பு எந்த இடத்தில் மிகத் தாழ்வாக இருக்கிறதோ அந்த உயரத்தில் தொடங்கி, நீர்மட்டத்துக்கு இணையாகக் கப்பல் முழுவதும் ஓடும். தளமோ முன்முனையை நோக்கி உயர்ந்துகொண்டே போகும். மிசௌரி உள்ளிட்ட அயோவா வகைக் கப்பல்களின் நீண்ட முன்பகுதியில் அந்த ஏற்றம் மிகத் தெளிவானது. ஆகவே அங்கே அடர் நீலத்துக்கும் தளத்துக்கும் நடுவில் வெளிர் சாம்பல் ஆப்பு வடிவில் அகன்றுகொண்டே போக வேண்டும். டேப்பைத் தள விளிம்பை ஒட்டி வளைத்து ஒட்டினால் அது கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் வண்ணத் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும்: தொடுவானத்துக்கு இணையான பட்டைதான் தொலைவிலிருந்து பார்ப்பவரைக் குழப்புகிறது. கப்பலின் உடலைச் சமதளப் பலகையில் திருகால் இறுக்கி, நிலையான உயரத்தில் பொருத்திய பென்சிலைச் சுற்றிலும் நகர்த்திக் கோடிடுவதே நம்பகமான வழி. 1/350இல் 77 சென்டிமீட்டர் நீளும் உடல் இப்படி இறுக்கி வைத்தால் முறுக்கிக்கொள்வதும் இல்லை. உட்புறத்தில் குறுக்குத் தடுப்புகள் இல்லாத கிட்களில் இது அவசியம்.

போட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்து நுண்பாகங்களாக வெட்டிய) பித்தளைத் தகடு பொதுவாக 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. 1/350இல் அது 3.5 சென்டிமீட்டருக்குச் சமம்; கைப்பிடிக் கம்பிக்கு ஏறக்குறையச் சரி. 1/700இல் 7 சென்டிமீட்டர். அங்கே நுண்மையைவிடத் தடிமனே முதலில் தெரிகிறது. எனவே 1/700இல் ரேடார், பாரந்தூக்கி, விமானம் ஏவும் கேட்டபுல்ட் ஆகியவற்றோடு பித்தளையை நிறுத்திக்கொள்கிறேன். கைப்பிடி வரிசைகளைச் சூப்பர்குளூவால் மட்டும் ஒட்டினால் அந்த இணைப்பு நொறுங்கும் தன்மை கொண்டதாகிறது. தூசி தட்டும் தூரிகை பட்டதும் ஒரு முழு வரிசை கழன்று வரும். இரு முனைகளில் சூப்பர்குளூவும் இடையில் நீர்த்த அக்ரிலிக் பசையும் இட்டவை அசையாமல் நிற்கின்றன.

கம்பங்களுக்கிடையே ஓடும் கம்பிகளுக்கு, சூடாக்கி இழுத்த ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) இழை முதல் நாளில் மிக அழகாக இருக்கிறது. ஆனால் அது எளிதில் முறிகிறது. மீள்தன்மை கொண்ட லைக்ரா இழை கை பட்டாலும் திரும்பி நிற்கிறது. அதிகமாக இழுத்துக் கட்டினால் பிளாஸ்டிக் கம்பத்தை நாளடைவில் வளைத்துவிடும் என்பதால் கம்பத்தை முன்கூட்டியே பித்தளைக் கம்பியால் மாற்றிவிட வேண்டும். முப்பரிமாண அச்சில் வரும் துப்பாக்கிகள் பித்தளையால் எட்ட முடியாத வடிவம் தருகின்றன. அந்த ரெசின் புற ஊதா ஒளியில் மேலும் இறுகி நொறுங்கத் தொடங்கும் என்பதால் உடனே வண்ணம் பூசி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

டீகால் ஒட்டும் பரப்பு வழவழப்பாக இல்லாவிட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல மின்னும். பளபளப்புப் பூச்சும் மைக்ரோ சோல் போன்ற மென்மையாக்கியும் அதைத் தீர்க்கின்றன. படலம் மஞ்சளாவதைத்தான் ஒட்டிய பின் தீர்க்க வழியில்லை. ஒட்டாத பழைய தாளை ஜன்னலில் சில நாள் வெயிலில் ஒட்டி வைத்தால் பெருமளவு வெளுக்கும். பெரிய தேசியக் குறிகளை இப்போது மாஸ்க் வெட்டித் தெளித்தே முடிக்கிறேன். சிறு எழுத்துக்களுக்கு மட்டும் டீகால்.

கடைசியாகப் பெட்டி. ஓக் மரமும் சில ஒட்டுப்பலகைகளும் அமில ஆவி விடுபவை. பித்தளையும் ஈயமும் உள்ள கப்பலை அவற்றில் அடைத்து வைக்கக் கூடாது. அக்ரிலிக் பெட்டி போதும். வண்ணம் பூசி முடித்த மாடலைச் சில வாரம் தூசி படாமல் திறந்த நிலையில் வைத்துக் கரைப்பான் வாடை முற்றிலும் நின்ற பிறகே மூடுகிறேன். அடித்தளத்தில் துணி வடிகட்டி ஒட்டிய ஒரு சிறு துளையும் விட்டிருக்கிறேன். விளக்கு எல்.இ.டி. ஆனாலும் பெட்டிக்கு வெளியே இருப்பதே நல்லது.