கை முறிஞ்சு லோயரிட்டப் போன அனுபவம் (4 ஸ்ரார்)

போன தீபாவளி நேரம் யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு பெரிய புடவைக்கடையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சிட்டு. நட்டஈடு கேக்கலாமோ எண்டு ஒரு லோயரிட்டப் போனனான், அவரைப் பற்றித்தான் இந்த ரிவியூ. கடையின்ர பேர் போடமாட்டன், கடைசியில கையெழுத்து வைச்ச கடதாசியில அப்பிடித்தான் கிடக்கு. லோயற்ற பேரையும் போட்டா நீங்கள் கடையைக் கண்டுபிடிச்சிடுவியள், ரவுண் அவ்வளவுதான்.

விழுந்த விதத்தைச் சொல்லுறன். வெளியில நல்ல மழை, வாசலில அந்த மினுங்கிற ரைல்ஸ், சனம் முழுக்க ஈரக்காலோட ஏறி இறங்குது, ஒரு பெடியன் நிண்டு மொப் அடிக்கிறான், அவனும் பாவம், அவன் அடிக்க அடிக்க இன்னும் வழுக்குது. சாக்கு ஒண்டு போட்டிருந்தவை, அது விலகிப்போய் ஒரு மூலையில சுருண்டு கிடந்தது. நான் ஒரு கையில குடை மற்றக் கையில போன், வட்சப்பில ஒரு கஸ்டமரோட சாறிச் சட்டைக்கு லைனிங் என்ன கலர் எண்டு கதைச்சுக்கொண்டே காலை வைச்சன், பேந்து நிலத்தில இருந்ததுதான் தெரியும். கூட வந்த பெறாமகள் எனக்குத் தண்ணி தரமுதல் போட்டோ எடுத்தவள், எனக்கு அப்ப வந்த விசருக்கு அளவில்லை. ஆனா அந்த ஒரு போட்டோதான் எங்கட முழுக் கேஸும்: ஈர ரைல்ஸ், சுருண்ட சாக்கு, என்ர ஒத்தைப் பாட்டா.

பெரியாஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து பிளாஸ்டர் போட்டு ஆறு கிழமை எண்டிட்டினம். நான் வீட்டில இருந்து தைக்கிறனான், வலது கை இல்லாட்டி மிசின் சும்மா கிடக்கவேண்டியதுதான், அதுவும் தீபாவளி ஓடர் எல்லாம் அரைகுறையா.

கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற அக்கா அண்டைக்கு இரவே கோல் எடுத்தா. "எடியே விடாத, கேஸைப் போடு, இஞ்ச எண்டா வெண்டாப் பிறகுதான் லோயருக்குக் காசு, நீ ஒரு சதம் முதல்ல குடுக்கத் தேவையில்லை." அங்கத்தைய கதை அது. அங்க தமிழ் ரேடியோவைத் திறந்தா விழுந்தனீங்களோ அடிபட்டனீங்களோ எண்டு லோயர்மார்ட விளம்பரம்தானாம். தனியார் இடத்தில பனியில வழுக்கினாக்கூட 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும் எண்டு ஒன்ராறியோவில சட்டமாம், அக்காவுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. இஞ்ச ஐப்பசி வெள்ளத்தில ரைல்ஸில விழுந்தவளுக்கு அது என்னத்துக்கு?

சரி, லோயர். ஆள் வயசு போனவர், மேசை முழுக்க சிவப்பு நாடா கட்டின பைல். முதல் கதைக்க 3,000 ரூபா. நான் கையை நீட்டிக் காட்டினன், அவர் கையைப் பாக்கேல்ல. "ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் காட் இருக்கோ தங்கச்சி? பில் என்னென்ன இருக்கு?" எண்டார். பில் எங்க இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில ஆர் காசு கட்டினது? ஓட்டோக் காசும் ரெண்டு மருந்துத் துண்டும்தான். "அப்ப வைத்தியச் செலவில கேக்க ஒண்டுமில்லை. உழைப்பு நட்டம் கேக்கலாம், நோவுக்கும் கேக்கலாம். உழைப்பை எப்பிடிக் காட்டப் போறியள்?"

எனக்கு வாயடைச்சிட்டு. நான் என்ன சம்பளச் சிட்டையோ வைச்சிருக்கிறன்? ஒண்டுமில்லை சேர், அளவுக் கொப்பி மட்டும்தான் இருக்கு எண்டன், ஆள் நிமிந்து உக்காந்து அதைக் கொண்டுவாங்கோ எண்டார்.

அடுத்தநாள் கொண்டுபோனன். மனிசன் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு ஒரு ஒற்றை விடாமல் புரட்டினவர். ஒவ்வொரு பக்கத்திலயும் பேர், தோள், கை, சுத்தளவு, குடுக்கிற திகதி, அட்வான்ஸ், மூலையில குண்டூசியால குத்தின துணித்துண்டு. புரட்டேக்க ஒரு ஊசி அவற்ற விரலிலயும் ஏறினது, ஒண்டும் சொல்லேல்ல. விழுந்த நாளுக்குப் பிறகு 17 பக்கத்தில "காசு திருப்பிக் குடுத்தது" எண்டு பெறாமகள் எழுதிக்கிடந்தது. அதை ஒண்டொண்டா எண்ணிக் கூட்டி, "இதுதான் உங்கட வழக்கு" எண்டார். இந்த ஒரு விசயத்துக்கே மூண்டு ஸ்ரார் குடுப்பன்.

பேந்து சட்டத்தைப் பாடம் மாதிரிச் சொன்னவர். 1658இல போத்துக்கீசரிட்ட இருந்து எங்கட கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தன் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் இண்டைக்கும் இதுக்குப் பாக்கிறதாம். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை காணிக்கும் சீதனத்துக்கும்தான், முறிஞ்ச கைக்கு உதவாது. கடைக்குள்ள விழுந்தது எண்டதுக்காக மட்டும் கடைக்காரன் காசு தரவேணும் எண்டில்லை, அவன்ர கவலையீனத்தாலதான் விழுந்தது எண்டு நாங்கள் காட்டவேணும். அதோட நான் போன் கதைச்சுக்கொண்டு வந்ததையும் சொல்லப்போக, "அதை ஒளிக்காதேங்கோ, கேப்பினம்" எண்டவர். எங்கட பக்கத்திலயும் கவலையீனம் இருந்தா அந்தப் பங்குக்குக் காசைக் கழிக்கலாம் எண்டு 1968இல சட்டம் வந்திட்டுதாம். வழக்குப் போட 2 வருசம்தான் தவணை, அது 1871இல வெள்ளைக்காரன் போட்டது. இவ்வளவு பேர் சேந்து என்ர மணிக்கட்டுக்குச் சட்டம் எழுதி வைச்சிருக்கினம் எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது.

வருமானம் குறைவெண்டா சட்ட உதவி ஆணைக்குழுவில இலவசமா உதவி எடுக்கலாம் எண்டதையும் அவரே முதல்ல சொன்னவர், தன்ர பீஸ் போகுமே எண்டு பாக்கேல்ல. நான்தான் அவரோடயே நிண்டிட்டன்.

கடைக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப 8,000. நான் போகவே அஞ்சு கிழமை பிந்திட்டு, அதுக்குள்ள கமராப் பதிவு அழிஞ்சிட்டுது எண்டு கடையால மறுமொழி. உண்மையோ பொய்யோ, முதல் கிழமையே கடிதம் போயிருந்தா பதிவை வைச்சிருங்கோ எண்டு கேட்டிருக்கலாம் எண்டு லோயர் என்னைத்தான் பேசினார். நீங்களும் ஆரும் விழுந்தா பிளாஸ்டர் காயமுதல் போங்கோ. கடையில வேலைசெய்யிற பிள்ளையள் சாட்சி சொல்லாதுகள், அதுகளின்ர சோறு அங்கதான், நான் கேக்கவும் இல்லை.

கடிதம் போன ஒரு கிழமையில மனேச்சர் வீட்டுக்கு வந்தார், கையில ஒரு சாறிப் பெட்டி. சாறியும் பத்தாயிரமும் தாறம், விடுங்கோ அக்கா எண்டு. நல்ல சாறிதான், பொய் சொல்லக்கூடாது. அம்மா வாங்கடி எண்ட மாதிரிப் பாத்தவ. லோயருக்குக் கோல் எடுத்தன், "சாறியைத் தொடாதேங்கோ" எண்டு வைச்சிட்டார்.

சின்னத் தொகை எண்டா நேர கோட்டுக்குப் போகேலாதாம், முதல்ல ரெண்டு பக்கத்தையும் இருத்திச் சமாதானம் பேசிற மத்தியஸ்த சபை, அங்க சரிவரேல்ல எண்டு சான்றிதழ் தந்தாத்தான் கோட்டில எடுப்பினம். அங்க லோயர் வந்து எங்களுக்காகக் கதைக்கேலாது. நான் ஒரு மத்தியஸ்தரைத் தெரிஞ்சன், கடைக்காரர் ஒராளை, அவை ரெண்டு பேரும் மூண்டாவது ஆளை. லோயர் முதல்நாளே என்னை இருத்தி வைச்சு, என்ன சொல்லவேணும், எந்தத் தொகைக்குக் கீழ இறங்கக்கூடாது, எங்க அழக்கூடாது எல்லாம் சொல்லித் தந்தவர், அதுக்குத் தனியாக் காசு எடுக்கேல்ல. அழக்கூடாத இடத்தில அழுதிட்டன், அது வேற கதை. ரெண்டாம் தவணையில 85,000க்கு முடிஞ்சது, ரெண்டு பங்காத் தந்தவை. அக்காவுக்குச் சொல்ல, "டொலரோ?" எண்டா.

இனிக் குறை. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் ஆளைக் காணேலாது, கோட்டால வரும்வரைக்கும் வாங்கில இருக்கிறதுதான், மத்தியானம் தாண்டும், காத்தாடி வேலை செய்யாது. போனுக்கு மறுமொழி இல்லை, வட்சப் பாக்கமாட்டார். பற்றுச்சீட்டு கேட்டாத்தான் எழுதித் தருவினம், கேளுங்கோ. கிளாக் எங்கட கடிதத்தில என்ர இடது கையை முறிச்சு வைச்சிருந்தவர், நான் வாசிச்சபடியால தப்பிச்சுது.

ஒரு ஸ்ரார் குறைச்சதுக்குக் காரணம் இது ஒண்டும் இல்லை. என்ர அளவுக் கொப்பி இன்னும் அந்த ஒபிஸிலதான் கிடக்கு, நாலுதரம் போய்க் கேட்டிட்டன், ஏதோ பைலுக்க போட்டுக் கட்டிப்போட்டினம், தேடுறம் தேடுறம் எண்டினம். தைப்பொங்கலுக்குத் தைக்க வந்த ஆக்களை எல்லாம் திருப்பி நிக்கவைச்சு இஞ்சி ரேப்பால அளந்துகொண்டிருக்கிறன். கொப்பி வந்தா அஞ்சாவதையும் போட்டுவிடுறன்.