"அதே விலைக்குப் பெரிய ஸ்கிரீன்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்

காலேஜ் அட்மிஷன் முடிந்து, ஆடித் தள்ளுபடி போர்டைப் பார்த்து லேப்டாப் வாங்கக் கோவை காந்திபுரம் பக்கம் கிளம்புகிறவர்களுக்காக இந்தப் பதிவு. 14 இன்ச் கேட்டு முன்பணம் கட்டிய எங்களுக்கு, டிஸ்பிளேயில் கிடந்த பழைய 15.6 இன்ச் ஒன்றைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. திருப்பூரில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொன்னபோது, அவர்களில் சிலரும் வேறு வேறு கடைகளைப் பற்றி இதே கதையைத்தான் சொன்னார்கள்.

என் தங்கைக்கு, வீட்டில் நாங்கள் பாப்பா என்போம், பெருந்துறைப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. ஹாஸ்டல் இல்லை, கோபியிலிருந்து தினமும் பஸ். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். பையில் நோட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், எல்லாம் போக மீதி இடத்தில்தான் லேப்டாப். அதனால் அளவை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். சாதாரண 14 இன்ச் மெஷின் 1.4 கிலோவை ஒட்டி இருக்கும். 15.6 என்றால் 1.7, 1.8 வரும், சார்ஜர் தனி. ஸ்கிரீனை மூலைக்கு மூலை அளப்பதால் 1.6 இன்ச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். அகலத்தில் பார்த்தால் 14 இன்ச்சுக்கு 31 செ.மீ., 15.6க்கு 34.5 செ.மீ. மூன்று பேர் நெருக்கி உட்காரும் கிளாஸ் பெஞ்சில் அந்த மூன்றரை செ.மீ. பக்கத்துப் பெண்ணின் நோட்டு மேல் போய் நிற்கும்.

கடையில் காட்டிய 14 இன்ச் நன்றாகவே இருந்தது. 13வது தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி ஸ்டோரேஜ், ஃபுல் எச்டி ஸ்கிரீன், 42,500 ரூபாய். "புது பீஸ் குடோன்ல இருந்து வரணுங்க, அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். ரசீதில் மாடல் நம்பரை எழுதச் சொன்னேன். "சிஸ்டம் பில் போடறப்ப தானா வந்துருமுங்க" என்று சொல்லி, பிராண்டின் பெயரையும் "ஐ3, 8/512" என்பதையும் மட்டும் எழுதித் தந்தார்கள். இதுதான் முதல் கண்ணி. ஒரே தொடர்பெயரில் 14, 15 இரண்டு அளவையும், மூன்று நான்கு வருடத்துப் பிராசசர்களையும் கம்பெனிகள் விற்கின்றன. மாடல் நம்பர் இல்லாத ரசீதைக் காட்டி அந்தத் தொடரில் எதை வேண்டுமானாலும் கையில் கொடுக்கலாம்.

எனக்கு ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. அப்பா போய் வாங்கினார். பெட்டியை உள்ளே கொண்டுபோய் எம்எஸ் ஆபீஸ் (வேர்ட், எக்செல்) போட்டுத் தருவதாகச் சொல்லி அரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது மெஷின் பைக்குள் போய் ஜிப்பும் போட்டாகிவிட்டது. "14 ஸ்டாக் தீந்துருச்சுங்க ஐயா, அதே விலைக்குப் பெரிய ஸ்கிரீனாக் குடுத்துட்டோம், பாப்பாவுக்குக் கண்ணுக்கும் நல்லது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். ஆபீசுக்குத் தனியாக 2,500 வாங்கியிருக்கிறார்கள். நிறைய லேப்டாப்களில் ஆபீஸ் சேர்ந்தே வருகிறது. இந்த மெஷினிலும் அது இருந்தது.

நான் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் நிறம் வெளிறுகிறது, கீழிருந்து பார்த்தால் படம் நெகட்டிவ் மாதிரி ஆகிறது. டிஎன் என்கிற மலிவான ஸ்கிரீன் வகை. ரெசல்யூஷன், அதாவது ஸ்கிரீனில் உள்ள புள்ளிகள், 1366க்கு 768. இதே எண்ணிக்கைப் புள்ளிகளை 15.6 இன்ச்சில் பரப்பினால் இன்ச்சுக்கு நூறுதான் வரும். நாங்கள் பார்த்த 14 இன்ச் ஃபுல் எச்டியில் 157. பெரிய ஸ்கிரீன்தான், ஆனால் எழுத்து மொத்தையாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் தெரியும் வரியும் குறைவு. புரோகிராம் எழுதுகிற பிள்ளைக்கு இதில் என்ன கண்ணுக்கு நல்லது?

பிராசசர் நம்பர் 1115 என்று தொடங்கியது. இன்டெல்லின் அந்த வரிசையில் ஐ3க்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. 11 என்றால் 2020 கடைசியில் வந்த சரக்கு. எங்களுக்குக் காட்டியது 2023இல் வந்த 13. அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். விண்டோஸே தருகிற ரிப்போர்ட் அது. பேட்டரியின் அசல் கொள்ளளவு, இப்போது எவ்வளவு நிறைகிறது, எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது என்று சொல்லும். நேற்றுப் பிரித்த பெட்டியில் இருந்ததாகச் சொன்ன பேட்டரி 60 சுற்றைத் தாண்டியிருந்தது.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனோம். முதலில் மேனேஜர் இல்லை என்றார்கள். மேனேஜர் வந்ததும், "டிஸ்பிளேல கொஞ்ச நாள்தானுங்க இருந்துச்சு, அதெல்லாம் யூஸ் பண்ணுன கணக்குல வராது" என்றார். அளவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பதில் சொன்னார் பாருங்கள்: "வளர்ற புள்ளைக்கு ஒரு சைஸ் பெருசாத்தானுங்களே சட்டை எடுப்போம்?" பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. கடைசியில் பில்லின் அடியில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

அந்த வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. இதைச் சொன்னதும் மேனேஜரின் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பணம் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். தீர்ப்புச் சொல்லும் இடமில்லை அது, சமரசத்துக்கு முயற்சி செய்கிற இடம். பிராண்டின் கஸ்டமர் கேருக்கும் சீரியல் நம்பரோடு மெயில் போட்டேன். எது வேலை செய்ததோ தெரியாது, கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். மெஷினை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பினார்கள், "பாக்ஸ் பிரிச்ச சார்ஜ்" என்று 3,500 ரூபாயையும், ஆபீசுக்கு வாங்கிய 2,500ஐயும் பிடித்துக்கொண்டு. பெட்டியைப் பிரித்தது யார் என்று கேட்டேன், பதில் இல்லை.

ஈரோட்டில் வேறு கடையில் 14 இன்ச் வாங்கிவிட்டோம். இந்த முறை பெட்டியை எங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டியில் அளவு செ.மீ. கணக்கில் போட்டிருக்கும்: 35.6 என்றால் 14 இன்ச், 39.6 என்றால் 15.6. பெட்டி, மெஷினின் அடிப்பக்கம், பில், மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றா என்று பார்த்தோம். அதே நம்பரை பிராண்டின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று காட்டும். தேதி கொஞ்சம் முன்னால் இருந்தாலே திருட்டு என்று சண்டைக்குப் போக வேண்டாம். கடைக்குச் சரக்கு வந்த தேதியாக இருக்கலாம், பில்லை அனுப்பினால் திருத்துவார்கள். பல மாதம் முன்னால் என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

15.6 வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஹாஸ்டல் மேஜையில் வைத்தே வேலை செய்யும் சிவில், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் ஓட்ட 15.6, 16 வசதிதான். பி.காம் படிக்கிறவர்கள் டேலியில் எண் அடிக்க, வலப்பக்கம் நம்பர் பேட் இருக்கும் பெரிய கீபோர்டை விரும்பலாம். கேமிங் லேப்டாப் மட்டும் யோசித்து வாங்குங்கள். இரண்டேகால் கிலோவுக்கு மேல் போகும், செங்கல் மாதிரி சார்ஜரையும் கூடவே தூக்க வேண்டும். எதுவானாலும் அளவைச் சொல்ல வேண்டியது படிக்கிற பிள்ளை, ஸ்டாக் தள்ளப் பார்க்கிற கடைக்காரர் இல்லை.

பிடித்த 6,000 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எங்களுக்கு ஈரோடு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். "ஆறாயிரத்துக்கா இந்த அலைச்சல்?" என்கிறார் அப்பா. பேட்டரி ரிப்போர்ட், முன்பண ரசீது, பில் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன்.