ஜீப்ரா எம்சி3300: கிடங்கு நடையில் வைஃபை

கிடங்குக்குக் கையடக்க ஸ்கேனர் வாங்க வருவோர், பார்கோடு எத்தனை தூரத்திலிருந்து படிக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்கிறார்கள். வைஃபையை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்பவர் குறைவு. ஜீப்ராவின் எம்சி3300 கருவியை ஓராண்டு பயன்படுத்திய எனக்கு, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவாகவே படுகிறது.

ஒரு ஸ்கேன் அனுப்பும் தரவு மிகச் சிறியது என்பதால் இணைப்பின் வேகம் இங்கே பொருட்டே அல்ல. ஊழியர் ஒரு ரேக் வரிசையிலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போது, கருவி ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) விட்டு மற்றொன்றுக்கு மாறும் அந்தக் கணம்தான் சோதனை. நிறுவன வலையமைப்பில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சர்வரிடம் முழு அடையாளச் சரிபார்ப்பு நடந்தால் திரை நின்றுவிடும். பதிவாகவில்லை என்றெண்ணி ஊழியர் மறுபடி ஸ்கேன் செய்வார். இருப்புக் கணக்கு பிழையாகும். 2008இல் வெளியான 802.11ஆர் என்ற வைஃபை தரநிலை இந்தச் சரிபார்ப்பைச் சுருக்குகிறது, 802.11கே, அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்ட்டுகளின் பட்டியலைக் கருவிக்குத் தருகிறது. எம்சி3300 இரண்டையும் அறியும். ஆனால் வலையமைப்பிலும் அவை இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

எங்களிடம் முதல் இரு வாரங்கள் வரிசைகளின் கோடியில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. குறை கருவியில் இல்லை. வலையமைப்பை நிறுவியவர்கள் எல்லா ஆக்சஸ் பாயின்ட்டுகளின் அலைபரப்பும் திறனையும் உச்சத்தில் வைத்திருந்தார்கள். அவற்றின் அலை தொலைவிலுள்ள கருவிவரை எட்டியதால் திரையில் சிக்னல் நிறைவாகத் தெரிந்தது. கருவியின் மெல்லிய அலையோ திரும்பிப் போய்ச் சேரவில்லை. தவிர, ரேக்குகள் காலியாக இருந்தபோது அளவெடுத்திருந்தார்கள். தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்த ரேக் அலைகளை விழுங்கும் என்பது கணக்கில் வரவில்லை. திறனைக் குறைத்து, ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்கள் (அலைத் தடங்கள்) கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியபின் அந்தத் தொல்லை நின்றது.

திரை 4 அங்குலம். பொத்தான்கள் இருப்பதால் கையுறையோடும் வேலை ஓடுகிறது. எண்கள் மட்டுமே அடிப்போருக்கு 29 பொத்தான் வகை போதும்.

வாங்குமுன் ஒரு கருவியை இரவலாகக் கேளுங்கள். சரக்கு நிறைந்திருக்கும் நாளில், ஸ்கேன் செய்துகொண்டே கடைசி வரிசைவரை நடந்து பார்த்தபின் விலை பேசுங்கள்.